நீண்ட, அடர்ந்த முடியைக் குட்டையாக வெட்டலாமா? மலையகப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் பெண்களுக்காக ஒரு சின்ன சலோன் வைத்திருக்கிறேன். 14 வருடமாகிறது. இடுப்புக்குக் கீழே முடி தொங்க வந்து உட்கார்ந்து, துணியைப் போர்த்திய பிறகு "இன்னொரு நாளைக்கு வர்றேன் அக்கா" என்று எழுந்து போனவர்கள் நிறையப் பேர். மூன்றாவது தடவையில் வெட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் நம்ம மலைப்பக்கத்துப் பெண்கள். கொழும்பு வெயிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிற பதில் நமக்குச் சரிவராது.

வெட்டுவதா வேண்டாமா, எதை வைத்து முடிவெடுப்பது?

வட்ட முகமா நீள முகமா என்று பார்த்து முடிவெடுக்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஈரத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். வருடம் முழுக்க வெப்பம் சராசரியாக 16 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே மாதம் பிடிக்கிற தென்மேல் பருவமழை செப்டம்பர் வரை இழுக்கும். இந்தக் காற்றில் அடர்ந்த முடி மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பிடரிக்குள் கையை விட்டால் சொதசொதவென்று இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, வழக்கம்போல் துவட்டி, உலர்த்தி, கட்டிக்கொள்ளுங்கள். இரவு படுக்கப் போகும்போது கொண்டையை அவிழ்த்து, பிடரியில் முடியைப் பிரித்து, ஒரு பழைய வெள்ளைத் துணியை வைத்து அழுத்துங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் உங்கள் முடிக்கு ஒரு பகல் போதவில்லை. மூன்று வாரம் இப்படிப் பாருங்கள். மூன்று வாரமும் ஈரமாகவே இருந்தால் வெட்டுவதற்கு நல்ல காரணம் கையில் இருக்கிறது. துணி காய்ந்தே வந்தால், முடியும் உங்களுக்குப் பிடித்திருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். ஆசையாக வளர்த்ததை யாரோ ஒருத்தர் மாடர்னாக வெட்டியிருக்கிறார் என்பதற்காக வெட்ட வேண்டாம்.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துக் கணக்கு வேறு. அங்கே ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை காய்ந்த காற்றுத்தான் அடிக்கும், பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் வரும். காற்று மாதங்களில் முடி சீக்கிரம் காய்ந்துவிடும், சிக்குத்தான் உயிரை எடுக்கும். அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தச் சோதனையை நவம்பர், டிசம்பரில் செய்தால்தான் உண்மை தெரியும்.

ஈரத் தலையோடு கட்டினால் சளி பிடிக்குமா?

"நீர் கோத்துக்கொள்ளும்" என்று என் அம்மாயியும் சொல்வார். சளி, தடிமல் வைரஸால் வருவது. ஈர முடியால் மட்டும் வராது. ஆனாலும் ஈரக் கொண்டை நல்லதில்லை. நனைந்த முடி இழுபட்டால் சட்டென்று அறும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த தோலில் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்புறம் அந்த வாடை. மழை மாதத்தில் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது நமக்கே அது தெரியும், கூச்சமாகவும் இருக்கும். எத்தனையோ பெண்கள் வெட்ட வருவதற்கு அந்தக் கூச்சம்தான் காரணம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வெட்டாமல் சமாளிக்க வேண்டுமென்றால் துவாயால் தேய்க்காதீர்கள். பழைய பருத்திச் சேலைத்துண்டு இரண்டு எடுத்து, ஒன்றில் சுற்றி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அது நனைந்ததும் மற்றதை மாற்றுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து முதலில் பிடரியைக் காய வையுங்கள். 1200 வாட் டிரையர் 20 நிமிடம் ஓடினால் 0.4 யூனிட் கரன்ட் போகும். லயத்துப் பழைய வயரிங்கில் டிரையரையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போடாதீர்கள். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடியைக் காய வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தீப்பொறி ஒன்று போதும்.

அடர்ந்த முடியைக் குட்டையாக வெட்டினால் உப்பிக்கொண்டு நிற்காதா?

நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் கத்திரியை எடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நீள முடியை அதன் பாரமே கீழே இழுத்து அடக்கி வைக்கிறது. பாரம் போனதும் இத்தனை வருடம் ஒளிந்திருந்த அலை மேலே எழும். "என் முடி நேர் முடி" என்று சொல்லி வந்தவர்கள் காதோரம் சுருண்டு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போயிருக்கிறார்கள். மூடுபனி இறங்குகிற நாளில் முடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இன்னும் கொஞ்சம் உப்பும்.

அடர்ந்த முடியைத் தாடை மட்டத்துக்கு ஒரே நேர்கோடாக வெட்டினால் உச்சியில் படிந்து, கீழே அகன்று, கூடாரம் அடித்த மாதிரி ஆகிவிடும். அதற்கு உள்பக்கத்தில் படிப்படியாக, லேயராக வெட்டிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். இங்கேதான் இன்னொரு தப்பு நடக்கிறது. பல்லுக் கத்திரியை வேருக்குக் கிட்ட வைத்து மளமளவென்று ஓட்டிவிடுவார்கள். அன்றைக்கு லேசாக, அழகாக இருக்கும். இரண்டு மாதம் போனதும் உள்ளே வெட்டுப்பட்ட துண்டு முடிகள் வளர்ந்து மேல் முடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் பல்லுக் கத்திரி நுனிப் பக்கம் மட்டும் போதும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே குட்டை முடி என்றால் வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். காய வைக்கிற வேலை குறையும், காலையில் படிய வைக்கிற வேலை கூடும். நீள முடியைத் தூக்கத்தில் இருந்து எழுந்ததும் அள்ளி முடிந்துவிடலாம். தாடை மட்டத்து முடி அப்படி அடங்காது.

எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது?

முதல் தடவையே தாடைக்கு ஏறாதீர்கள். தோளுக்குக் கீழே நாலு விரல் விட்டு வெட்டிப் பாருங்கள். அந்த நீளத்தில் பின்னலாம், கட்டலாம், கிளிப்பும் போடலாம். ஒரு மழைக்காலம் அதோடு இருந்து பார்த்துவிட்டு அப்புறம் மேலே போகலாம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீட்டர், அதற்குச் சற்றுக் கூட வளரும். வருடத்துக்கு 12 முதல் 15 சென்ரிமீட்டர் வரும். அப்படிப் பார்த்தால் தாடையிலிருந்து தோளுக்கு இறங்க ஒரு வருடம் போல் ஆகும். தோளிலிருந்து இடுப்புக்குப் போக மூன்று வருடம் பிடிக்கும். மனம் மாறினால் காத்திருக்க வேண்டிய காலம் இதுதான். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் இருக்கிறார்கள், "சரி, வெட்டுங்க" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டு செய்வதால் இரண்டுமே நல்ல முடிவுதான்.

வெட்டினால் இன்னும் அடர்த்தியாக வளரும் என்கிறார்களே?

"கவ்வாத்து வெட்டினாத்தானே நல்ல கொழுந்து வரும்" என்று ஒரு அக்கா என்னிடம் வாதாடினார். தேயிலைக்கு அது சரி. வெட்டிய இடத்துக்குக் கீழே உயிருள்ள கிளை இருக்கிறது, அதிலிருந்து தளிர் வெடிக்கும். முடி அப்படியில்லை. தோலுக்கு வெளியே தெரிவதெல்லாம் உயிரில்லாத இழை. உயிருள்ள வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, நுனியில் கத்திரி பட்டது அதற்குத் தெரியவே தெரியாது. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தொட்டால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

கொழுந்து எடுக்கிற வேலைக்கு எந்த நீளம் சரிப்படும்?

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். அதனால் இந்தக் கேள்விக்கு மட்டும் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

ஒரு மழை மாதத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா, மகளோடு சலோனுக்கு வந்தார். கொண்டையை அவிழ்த்ததும் முடி நாற்காலியைத் தாண்டித் தரைக்கு வந்தது. பிடரியில் ஈரம். அன்று குளித்தீர்களா என்று கேட்டேன், முந்தாநாள் பீலியில் குளித்தது என்றார். உச்சியைப் பிரித்துப் பார்த்தேன். கூடைக் கயிறு பதிகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, முடி நகத்தளவு நீளத்தில் அறுந்து அறுந்து குத்திட்டு நின்றது. மற்ற இடமெல்லாம் காடு மாதிரி. அந்த ஒரு கீற்று மட்டும் புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலை. பத்துப் பதினைந்து கிலோ கொழுந்து தினமும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. முப்பது வருடம் அந்த உரசல்.

மகள் "தோளுக்கு மேலே வெட்டிவிடுங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். நீள முடியைச் சுற்றி மடித்துக் கயிற்றுக்கடியில் மெத்தை மாதிரி வைத்துக்கொள்கிற பழக்கம் அந்த அம்மாவுக்கு இருந்தது. முடியை ஒரேயடியாக எடுத்தால் கயிறு நேரே தோலில் பதியும். இன்னொன்று, கட்டமுடியாத நீளத்தில் வெட்டினால் செடிக்கு மேலே குனியும்போதெல்லாம் முடி கண்ணில் விழும், இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது எதைக் கொண்டு ஒதுக்குவது? கடைசியில் நடுமுதுகு வரை எடுத்தோம். கொண்டையைப் பிடரியில் தாழ்வாகப் போடவும், கயிற்றுக்கடியில் நாலாக மடித்த பருத்தித் துணி வைக்கவும், கயிறு பதிகிற இடத்தை ஒரு விரல் முன்னே பின்னே மாற்றிக்கொண்டே இருக்கவும் சொன்னேன். வெட்டிய பின்னலை அந்த அம்மா மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "பாரமில்ல" என்றார்.

பாக்டரியில், ரோலருக்கும் பெல்ட்டுக்கும் கிட்ட வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பின்னி முடிந்து தொப்பிக்குள் அடங்கிய நீள முடியில் ஆபத்துக் குறைவு. கட்டுக்கடங்காமல் முன்னால் விழுகிற பாதிக் குட்டை முடியில்தான் ஆபத்து. வெட்டினால் தொப்பிக்குள் முழுதாக அடங்கும்படி வெட்டுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வெட்டலாமா?

காலையில் இருட்டோடு எழுந்து இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டி அனுப்புகிற அம்மாமார் படுகிற பாடு எனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பின்னலும் போட முடியாமல், குட்டை என்றும் சொல்ல முடியாமல் இடைநடுவில் நிற்கிற நீளம்தான் பிள்ளைக்குப் பேச்சு வாங்கித் தரும். பிள்ளையிடமும் கேளுங்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்து அழுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அம்மா முடிவெடுத்துக் கூட்டிவந்த பிள்ளைதான் அப்படி அழும்.

பேன் தொல்லைக்கு வெட்டினால் போதுமா?

போதாது. ஈர் தோலுக்குக் கிட்ட, வேரோரமாகவே ஒட்டியிருக்கும். தோள் மட்டத்து முடியிலும் பேன் நன்றாக வாழும். முடியை நனைத்து, கண்டிஷனர் தாராளமாகப் போட்டு, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை இரண்டு வாரத்துக்கு மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வாருங்கள். முட்டை பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும், அதனால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. வீட்டில் எல்லோருடைய தலையையும் பார்க்க வேண்டும். முடி குட்டையானால் சீப்பு ஓடுவது லேசு. வெட்டுவதால் கிடைக்கிற லாபம் அது மட்டும்தான்.

பிள்ளை பெற்றதிலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வெட்டினால் நிற்குமா?

நிற்காது, ஆனால் தானாகவே நிற்கும். கர்ப்ப காலத்தில் கொட்டாமல் தங்கிய முடியெல்லாம் பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு ஒன்றாகக் கொட்டத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் பழையபடி வந்துவிடும். டெங்கு மாதிரிக் கடுமையான காய்ச்சல் வந்து போன பிறகும் இதே மாதிரி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். சாதாரண நாளிலேயே ஒரு தலையிலிருந்து 50 முதல் 100 முடி விழுகிறது. நீள முடியாக இருந்தால் சீப்பில் பந்தாகச் சுருண்டு, பார்க்கவே பயமாக இருக்கும்.

இந்தப் பயத்தில் வெட்டாதீர்கள். கைப்பிள்ளையோடு தலை வார நேரமில்லை என்று வெட்டுங்கள், அது நியாயமான காரணம். வட்ட வட்டமாக முடி போனாலோ, ஒரு வருடத்துக்கு மேலும் நிற்காவிட்டாலோ, கூடவே களைப்பும் மூச்சுவாங்கலும் இருந்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதைப் போட்ட கையோடு பிளேன்டீ குடிக்க வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் ஏறவிடாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நம்ம வீடுகளில் மாத்திரையையே தேத்தண்ணியில்தான் விழுங்குகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

"கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள்" என்று பழமொழி சொல்லி அத்தை மறிப்பார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பெரியவர்களுக்கு நீள முடி என்றால் சுமங்கலித்தனம், லட்சுமி கடாட்சம். கஷ்டப்பட்ட காலத்தில் அவர்களுக்கென்று இருந்த ஒரே அழகும் அதுதான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடியைத் துவைத்து, காய வைத்து, சிக்கெடுத்து, அதன் பாரத்தோடு வேலைக்குப் போகிறவர் நீங்கள். பாடு படுகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

சண்டை போட்டுக்கொண்டு வந்து வெட்டாதீர்கள், கோபத்தில் தாடை வரை போய்விடுவீர்கள். மேலே சொன்ன வெள்ளைத் துணியை இரவில் அத்தை கையில் கொடுத்துப் பாருங்கள். "காயவே மாட்டேங்குது அத்தை, கழுத்து வலிக்குது" என்று கண்ணுக்கு முன்னால் காட்டினால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வெட்டின பிறகு இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

கல்யாணமோ சடங்கோ வருகிறதே?

வெட்டிய பின்னலைப் பத்திரமாக வைத்திருந்தால் அதையே சவுரியாகக் கட்டித் தரலாம். நிறமும் தடிப்பும் உங்கள் முடியோடு அப்படியே ஒத்துப்போகும். சவுரி பிடிக்க முடி தோள் மட்டத்திலாவது இருந்தால் நல்லது. சடங்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது புது வெட்டு எதுவும் வேண்டாம்.

செவ்வாய், வெள்ளி வெட்டலாமா?

மனசுக்கு உறுத்தலாக இருந்தால் புதனோ வியாழனோ வாருங்கள். கதிர்காமத்துக்கு முடி நேர்ந்திருந்தால் அந்த நேர்த்தி முடிந்த பிறகு வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

சலோனில் எப்படிச் சொல்வது?

படம் காட்டுங்கள், ஆனால் உங்களைப் போலவே அடர்ந்த, அலை முடி உள்ளவரின் படமாகப் பார்த்து எடுங்கள். மெல்லிய முடிக்காரியின் படத்தைக் காட்டினால் அது உங்கள் தலையில் வராது. "கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள், விரலால் உடம்பில் தொட்டுக் காட்டுங்கள். நுவரெலியாவிலும் கண்டியிலும் வெட்டுகிறவர் சிங்களம் மட்டும் பேசினாலும் விரலுக்கு மொழி வேண்டாம். ஈர முடி நீண்டு காட்டும், காய்ந்ததும் ஏறிவிடும், அதனால் நினைத்த இடத்துக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள். அடர்ந்த முடிக்குக் கூடுதலாக எடுப்பார்களா என்பதையும் உட்காருவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

வீட்டிலேயே வெட்டுவதைப் பற்றிக் கேட்டால், நுனியை ஒரு அங்குலம் எடுக்கலாம், முதல் பெரிய வெட்டு வேண்டாம். மீன் வெட்டின, துணி வெட்டின கத்திரி முடியை நறுக்காது, கடித்துப் பிய்க்கும்.

வெட்டிய முடியை யாருக்காவது கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை முடியைத் தானமாகப் பெற்று, சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு விக் செய்து கொடுக்கிறது. எவ்வளவு நீளம் வேண்டும், சாயம் போட்ட முடி ஆகுமா என்பதை வெட்டுவதற்கு முன்னாலேயே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். நாலு பின்னலாகப் போட்டு, இரண்டு முனையிலும் ரபர் பேண்ட் போட்டு, மேல் ரபர் பேண்டுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் நம்ம ஊர்க் குளிருக்குப் பூசணம் பிடித்துவிடும். தரையில் விழுந்து சிதறிய முடியைச் சேர்த்து எடுக்க முடியாது, அதனால் தானம் கொடுக்கிற எண்ணம் இருந்தால் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

வெட்டிய பிறகு மனசு ஆறவில்லை என்றால்?

நான் என் முடியை வெட்டிய அன்று இரவு, தூக்கத்தில் புரளும்போது பின்னலை எடுத்துத் தோளுக்கு முன்னால் போடக் கையைக் கொண்டுபோனேன். அங்கே ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன். இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். முதல் குளியல் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சலோனுக்கு ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லாதீர்கள், வெட்டு தலையில் படிய இரண்டு மூன்று குளியல் வேண்டும். குளிக்கும்போது கை பழைய ஞாபகத்தில் ஷம்பூவை நிறைய எடுக்கும். பாதி பாக்கெட் போதும், மற்றப் பாதியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.